கடைசிவரை கண் திறக்காத மதர்போர்டுக்கு ஒரு விமர்சனம்

ஒருமுறைகூட பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்) திரையைக் காட்டாத மதர்போர்டுக்கு விமர்சனம் எழுதுவது நியாயமா என்று கேட்டால், நியாயம்தான் என்பேன். ஓடுகிற போர்டைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எத்தனை சாட்டா போர்ட், எத்தனை எம்.2, நெட்வொர்க் 1 கிகாபிட்டா 2.5-ஆ என்று அட்டவணை போட்டுவிடுவார்கள். ஓடாத போர்டு எப்படி நடந்துகொள்ளும், என்ன கோளாறு என்று நம்மிடம் ஏதாவது சொல்லுமா, இல்லை கல்லு மாதிரி உட்கார்ந்திருக்குமா என்பதைத்தான் வாங்கும்போது யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. அதற்குத் தண்டனையாக நான்கு இரவு போனது. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு போர்டு செத்ததை வைத்து ஒரு கம்பெனியை எடைபோட முடியாது, தவிர இங்கே நான் திட்டப்போகும் குறை பல கம்பெனிகளின் கீழ்த்தட்டு போர்டுகளிலும் உண்டு.

வீட்டு சர்வர் ஒன்று கட்டலாம் என்பதுதான் திட்டம். நான்கு ஹார்ட் டிஸ்க், புகைப்படங்கள், பேக்கப், சின்னச் சின்னதாக இரண்டு மூன்று சர்வீஸ்கள், அவ்வளவுதான். மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சற்றுச் சிறிய அளவு போர்டு, உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் இன்டெல் பிராசசர், டிடிஆர்4 ராம் இரண்டு, 450 வாட் பவர் சப்ளை. எல்லாம் மாட்டி பட்டனை அழுத்தினேன். ஃபேன் எல்லாம் ஜோராகச் சுற்றியது. மானிட்டரில் ‘சிக்னல் இல்லை’. கீபோர்டில் ‘நம் லாக்’ (Num Lock) விசையைத் தட்டிப் பார்த்தேன், விளக்கு எரியவில்லை. அந்த விளக்கு மாறி மாறி எரிந்து அணைந்தால் போர்டு உயிரோடு இருக்கிறது, படம் மட்டும்தான் வரவில்லை என்று கொள்ளலாம். எரியவில்லை என்றால் விஷயம் ஆழமானது.

போர்டின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு மட்டும் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. என்னவோ சொல்ல வருகிறது என்று நம்பி கையேட்டைப் புரட்டினால், மின்சாரம் வருகிறது என்று அர்த்தமாம். அட, அது ஃபேன் சுற்றும்போதே தெரிகிறதே! பிராசசர், ராம், கிராபிக்ஸ், பூட் என்று நான்கு குட்டி விளக்குகளை வைத்து எந்த இடத்தில் நின்றுபோனது என்று காட்டும் போர்டுகள் உண்டு. இரண்டு இலக்க எண் காட்டும் போர்டுகளும் உண்டு. இதில் இரண்டும் இல்லை. ஆனால் ஓரம் முழுக்க வண்ண விளக்குப் பட்டை இருந்தது. அது மட்டும் நான்கு இரவும் வானவில் காட்டிக்கொண்டே இருந்தது.

முதல் இரவு வழக்கமான பூஜை. பிராசசருக்கான 8 பின் கேபிள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. (இதில் ஒரு எச்சரிக்கை. பிராசசருக்குப் போகும் 4+4 கேபிளும் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் 6+2 கேபிளும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். இறங்க மறுத்தால் அழுத்தாதீர்கள், அது வேறு கேபிள்.) ராமை ஒவ்வொன்றாக, ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் போட்டேன். பவர் கேபிளைக் கழற்றி, சிஆர்2032 பேட்டரியை எடுத்து, பயாஸ் அமைப்புகளை அழிக்கும் சீமாஸ் ஜம்பரை ஷார்ட் செய்து பத்து நொடி வைத்திருந்தேன். மானிட்டர் கேபிளை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் போர்டைக் கேபினட்டிலிருந்து மொத்தமாக வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டி மேலேயே வைத்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். எடுத்த பிறகுதான் பார்க்கிறேன், கேபினட்டில் போர்டைத் தாங்கும் பித்தளைக் கால், ஸ்டாண்டாஃப் என்பார்கள், ஒன்று கூடுதலாக நிற்கிறது. அந்தக் கேபினட்டில் முன்னால் முழு அளவு ஏடிஎக்ஸ் போர்டு இருந்தது, அதற்குப் போட்டது. என் போர்டில் அந்த இடத்தில் ஓட்டையே கிடையாது, ஆகவே பித்தளைக் கால் நேராகப் போர்டின் அடிவயிற்றில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. வயிற்றைக் கலக்கியது. போர்டைத் திருப்பி, போன் கேமராவைப் பெரிதாக்கி அந்த இடத்தைப் பார்த்தேன். ஈயப் பொட்டு எதுவும் இல்லாத வெற்றுப் பகுதி, மேல் பூச்சில் கீறல்கூட இல்லை. அரை அங்குலம் தள்ளிப் போயிருந்தால் ஒரு வரிசை ஈயப் பொட்டுகள். தப்பித்தேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் பின்னால் வாரண்டி படிவம் நிரப்பும்போது இதையும் எழுதிவிட்டேன், மறைத்தால் தூக்கம் வராது.

பெட்டி மேல் பிராசசர், அதன் ஃபேன், ஒரே ஒரு ராம், பவர் சப்ளை, வேறு எதுவும் கிடையாது. ஹார்ட் டிஸ்க் கிடையாது, கார்டு கிடையாது. பவர் பட்டனுக்கான இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டால் ஆன் ஆகும். ஆனது. பழைய கதைதான்.

கார்டு என்றதும் ஒரு விஷயம். வீட்டு சர்வர் கட்டுகிறவர்கள் பெரிய சர்வர்களிலிருந்து கழற்றிய ரெய்டு கார்டுகளை வாங்கிப் போடுவார்கள், டிஸ்க் நிறைய மாட்டலாம் என்று. அவற்றில் சில, சாதாரண மதர்போர்டில் போட்டால் போர்டையே எழவிடாது. கார்டு எஸ்எம்பஸ் என்கிற மெதுவான இணைப்பில் பேச, போர்டு அதைக் கேட்டுக் குழம்பி நின்றுவிடும். கார்டு ஸ்லாட்டில் இறங்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் விளிம்பில் பி5, பி6 என்ற இரண்டு பின்னையும் மெல்லிய டேப்பால் மூடினால் சரியாகிவிடும். போர்டு போச்சு என்று தூக்கிப்போட நினைத்த எத்தனையோ பேரைக் காப்பாற்றிய டேப் அது. என்னிடம் கார்டே இல்லை, அதனால் எனக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

இரண்டாம் இரவு பவர் சப்ளை. 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்தால் ஃபேன் சுற்றும், எல்லோருக்கும் தெரிந்த சோதனை. ஆனால் அது பவர் சப்ளை ஆன் ஆகிறது என்பதை மட்டும்தான் சொல்லும், சரியான வோல்டேஜ் கொடுக்கிறது என்று சொல்லாது. அதற்கு மல்டிமீட்டர் வேண்டும். கனெக்டரைப் போர்டில் மாட்டியபடியே, பின்பக்கமாக ஊசியை நுழைத்து அளந்தேன். ஊதா, அதாவது ஆஃப் ஆகியிருக்கும்போதும் வரும் 5 வோல்ட், 5.06. மஞ்சள் 12.1. சாம்பல், அதாவது ‘எல்லாம் சரி, ஆரம்பிக்கலாம்’ என்று பவர் சப்ளை போர்டுக்குக் கொடுக்கும் சிக்னல், 5-க்குப் பக்கத்தில். ஐந்து சதவீதம் மேலே கீழே போகலாம் என்பது ஏடிஎக்ஸ் கணக்கு, எல்லாம் அதற்குள் அடக்கம். மனசு கேட்காமல் வேறொரு பவர் சப்ளையும் போட்டுப் பார்த்தேன். கேபிள்கள் தனியாகக் கழன்று வரும் மாட்யுலர் வகையாக இருந்தால் கேபிள்களையும் சேர்த்து மாற்றுங்கள், பழைய கேபிளை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றாதீர்கள். பவர் சப்ளை பக்கத்து முனைக்குப் பொதுவான தரம் எதுவும் கிடையாது, ஆளுக்கொரு வரிசை, ஹார்ட் டிஸ்க் எரிந்துபோகும்.

அன்றைக்கே ஒரு முட்டாள்தனமும் செய்தேன், சொல்லிவிடுகிறேன். ராம்தான் பிரச்சினையோ என்று நண்பரிடம் ஒரு டிடிஆர்4 ராம் கடன் வாங்கி வந்து போட்டேன். வரவில்லை. ‘அப்போ ராம் இல்லை’ என்று முடிவுகட்டிவிட்டுப் படுத்தேன். காலையில் அந்த ராமின் ஸ்டிக்கரைப் பார்த்தால் ரெஜிஸ்டர்டு வகை, சர்வருக்கு மட்டுமே ஆனது. டிடிஆர்4-இல் ரெஜிஸ்டர்டும் சாதாரண ராமும் ஒரே 288 பின், ஒரே இடத்தில் வெட்டு, அழகாக உட்கார்ந்துகொள்ளும், ஆனால் சாதாரண போர்டில் ஓடவே ஓடாது. டிடிஆர்5-இல் வெட்டை இடம் மாற்றி வைத்து இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டார்கள். ஆக என் சோதனை எதையும் சோதிக்கவில்லை. இசிசி (பிழையைத் தானே திருத்தும் ராம்) என்ற வார்த்தையைப் பார்த்ததும் வாங்கிவிடாமல் அது ரெஜிஸ்டர்டா இல்லையா என்று பார்ப்பது வீட்டு சர்வர்காரர்களுக்கு முதல் பாடம், நான் அதைத் தாமதமாகப் படித்தேன்.

இந்த நான்கு இரவில் வாங்கிய சாமான்களில் எது உருப்படி என்று கேட்டால், ஒரு நகத்தளவு ஸ்பீக்கர். நான்கு பின் இடத்தில் மாட்டும் குட்டி பஸ்ஸர். முன்னெல்லாம் கேபினட்டோடு வரும், இப்போது தருவதில்லை. நல்லவேளையாகப் போர்டில் அதற்கான பின் இருந்தது. சோதனை இதுதான்: ராம் முழுவதையும் கழற்றிவிட்டு ஆன் செய்ய வேண்டும். பிராசசர் உயிரோடு இருந்து பயாஸின் முதல் வரிகளையாவது ஓட்டினால், ராம் எங்கே என்று போர்டு கத்தும். கத்தினால் சந்தோஷப்படலாம், பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. என்னுடையது கத்தவில்லை. ஆக ராம், மானிட்டர், கேபிள் எல்லாம் நிரபராதி. பிராசசர், பயாஸ் சிப், போர்டு, மூன்றில் ஒன்று. இரண்டு இரவு வேலையை ஒரு மௌனம் முடித்துவைத்தது. பஸ்ஸருக்கு ஐந்துக்கு ஐந்து.

அதற்கு நேர்மாறு, இன்னொரு சாமான். ‘மதர்போர்டு கோளாறு காட்டும் கார்டு’ என்று விற்கிறார்கள், பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டிலும் செருகலாம், இரண்டு இலக்கம் காட்டும் என்று. செருகினேன். எண்ணுக்குப் பதில் வெறும் நான்கு கோடு காட்டியது. அடுத்த நாளும் நான்கு கோடு. காரணம் எளிது: பயாஸ் தன் நிலையை 80 என்ற போர்ட்டுக்கு எழுதும், பழைய பிசிஐ காலத்தில் அது ஸ்லாட்டுக்கும் வந்து சேரும், கார்டு படித்துக்கொள்ளும். இப்போதைய போர்டுகளில் அது எல்பிசி அல்லது இஎஸ்பிஐ என்ற தனிப் பாதையில் போகிறது, பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் பக்கம் பொதுவாக எட்டிக்கூடப் பார்க்காது. நன்றாக ஓடுகிற வேறொரு கணினியில் செருகினேன், அங்கேயும் நான்கு கோடு. ஐந்துக்கு ஒன்று, அதுவும் கார்டில் இருந்த 12 வோல்ட் விளக்கு ஒழுங்காக எரிந்ததற்காக.

மூன்றாம் நாள் பிராசசரை நண்பர் வீட்டில், அதே தலைமுறைப் போர்டில் போட்டோம். நொடியில் எழுந்தது. திரும்பி வந்து சாக்கெட்டைப் பார்த்தேன். இன்டெல்லில் பின்கள் போர்டுப் பக்கம் இருக்கும், முடி மாதிரி மெல்லியவை. ஏஎம்டியும் ஏஎம்5-இலிருந்து இந்த வழிக்கு வந்துவிட்டது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் எல்லாம் ஒரே வரிசையில் மின்ன வேண்டும், ஒன்று கோணியிருந்தாலும் அந்த இடத்தில் மின்னல் உடையும். எனக்கு உடையவில்லை. பெட்டியைப் பிரித்த அன்று, பிராசசரை வைப்பதற்கு முன்பே சாக்கெட்டைப் படம் எடுத்து வைத்திருந்தேன், எங்கோ படித்த புண்ணியம். அந்தப் படம்தான் பின்னால் கைகொடுத்தது.

அப்புறம் மல்டிமீட்டரோடு போர்டு மேலேயே இறங்கினேன். பிராசசரைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் சதுரக் கட்டிகள் வரிசையாக நிற்குமே, அவை காயில்கள். 12 வோல்ட்டைப் பிராசசருக்கு வேண்டிய ஒரு வோல்ட் சொச்சமாகக் குறைத்துக் கொடுக்கும் சர்க்யூட்டின் கடைசிப் படி. முதலில் மின்சாரம் இல்லாமல், 8 பின் இடத்தில் 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. இருந்திருந்தால் அந்த சர்க்யூட்டில் மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்பெட் ஒன்று போயிருக்கிறது என்று அங்கேயே கதை முடிந்திருக்கும். காயிலில் பார்த்தால் மீட்டர் கிட்டத்தட்ட ஷார்ட் என்று கத்தும். பயப்படாதீர்கள், பிராசசரின் உள் எதிர்ப்பே அவ்வளவு குறைவு, நல்ல போர்டிலும் அப்படித்தான்.

பிறகு ஆன் செய்து அளந்தேன். கறுப்பு ஊசியை ஸ்க்ரூ ஓட்டையின் வெள்ளி வளையத்தில் ஒற்றி, சிவப்பு ஊசியை ஒவ்வொரு காயில் மேலும் மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தேன். ஊசி வழுக்கிப் பக்கத்துப் பின்னைத் தொட்டால் உயிருள்ள போர்டையும் கொன்றுவிடலாம். ராம் பக்கத்துக் காயிலில் 1.2 வோல்ட், டிடிஆர்4-க்கு அதுதான் கணக்கு. பிராசசர் காயில்களில் 0.00. அடுத்தது 0.00. அடுத்ததும். ஆன் செய்து ஆன் செய்து பார்த்தேன், ஒரு நொடிகூட ஏறி இறங்கவில்லை. நல்ல பிராசசர், நல்ல பவர் சப்ளை, ஆனால் பிராசசருக்குச் சோறே போகவில்லை.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பயாஸ் சிப்புக்குள் போர்டு எழும் வேலையில் பங்குள்ள, இன்டெல்லின் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற தனி மென்பொருளும் குடியிருக்கிறது, அந்தப் பகுதி கெட்டாலும் போர்டு இப்படி நடுவழியில் நிற்கலாம். தவிர பயாஸ் பதிப்பு என் பிராசசரைவிடப் பழையதாகவும் இருக்கலாம். பிராசசர் இல்லாமலேயே பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பட்டன் வைத்த போர்டுகள் இருக்கின்றன, இதில் அதுவும் இல்லை. ஆகவே சிஎச்341ஏ என்ற குட்டி புரோகிராமரும், சிப்பைக் கவ்விப் பிடிக்கும் 8 கால் கிளிப்பும்.

இந்தப் புரோகிராமரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கும் கிடைக்கும் கறுப்பு நிற வகையில் ஒரு பழைய கோளாறு: சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே டேட்டா கால்களில் மட்டும் 5 வோல்ட் தள்ளும். பலருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பார்கள், எனக்கு அந்தத் தைரியம் இல்லை, 3.3-க்கு மாற்றும் ஸ்விட்ச் உள்ள வகையாகப் பார்த்து வாங்கினேன். சில சிப்புகள் 1.8 வோல்ட், அவற்றுக்கு அடாப்டர் இல்லாமல் கிட்டேயே போகக் கூடாது. பவர் கேபிளையும் பேட்டரியையும் கழற்றிவிட்டுக் கிளிப்பை மாட்டி, ஃபிளாஷ்ராம் என்ற இலவச மென்பொருளில் சிப்பைப் படித்தேன், 16 எம்பி. இரண்டாம் முறை படித்து ஒப்பிட்டால் இரண்டும் வேறு வேறு. மூன்றாவது இன்னொன்று. கிளிப்பின் ஒரு கால் சரியாகத் தொடவில்லை. கழற்றி, சிப்பின் கால்களைத் துடைத்து, கிளிப்பைக் கொஞ்சம் ஆட்டி உட்காரவைத்த பிறகுதான் இரண்டு படிப்பும் ஒன்றாக வந்தது. அதற்கு முன் எழுதியிருந்தால் குப்பையைத்தான் எழுதியிருப்பேன். கம்பெனி தளத்தில் கிடைத்த கோப்பு 16 எம்பியைவிடச் சற்றுப் பெரிது, முன்னால் ஒட்டியிருக்கும் தலைப்பை வெட்டிவிட்டு ஏற்றினேன். சரிபார்த்தது, சரி என்றது. ஆன் செய்தேன். வானவில். 0.00.

போர்டு செத்ததுதான். போட்ட பயாஸை எடுத்துவிட்டு முதலில் படித்து வைத்திருந்த நகலையே திரும்ப எழுதினேன், நெட்வொர்க் முகவரி, சீரியல் எண் எல்லாம் அதில்தான் இருந்தன. பழைய நிலைக்குக் கொண்டுவந்து பெட்டியில் வைத்தேன்.

நம் கையில் எதுவும் இல்லாத சாவுகளும் உண்டு என்பதற்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. இன்டெல்லின் ஆட்டம் சி2000 வரிசை பிராசசர், வீட்டு சர்வர்காரர்களுக்கு ஒரு காலத்தில் செல்லப்பிள்ளை, கொஞ்சமாக மின்சாரம் குடிக்கும், இசிசி ராம் உண்டு. 2017 தொடக்கத்தில் அதில் ஒரு பிழை வெளியே வந்தது, ஏவிஆர்54 என்று இன்டெல்லே பட்டியலில் போட்டது: பயாஸோடு பேசும் எல்பிசி கிளாக் சிக்னல் நாளாக நாளாகத் தேய்ந்து, ஒருநாள் ரீபூட் செய்தால் எழாது. ஒன்றரை இரண்டு வருடம் ஒழுங்காக ஓடிவிட்டுத்தான் செத்தன. சில நாஸ் (நெட்வொர்க்கில் மாட்டும் டிஸ்க்) பெட்டிகளில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சேர்த்து உயிர் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். இன்றும் பழைய சாமானாக அந்தப் போர்டு கண்ணில் படும், சி0 என்ற, பிழை சரிசெய்த சிப் பதிப்புக்கு முந்தியது என்றால் தொடாதீர்கள்.

சரி, சர்வீஸ். படிவம் நிரப்பினேன், அளந்த வோல்டேஜ், பயாஸ் ஏற்றிப் பார்த்தது, பித்தளைக் கால் உட்பட எல்லாவற்றையும் எழுதினேன். மூன்று நாள் கழித்து வந்த பதில்: ‘வேறு ராம் போட்டுப் பார்த்தீர்களா?’ அதற்குப் பதில், பதிலுக்குப் பதில் என்று ஒரு வாரம் போய், அனுப்பச் சொன்னார்கள். சாக்கெட் மேல் பிளாஸ்டிக் மூடியைப் போட்டுத்தான் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். அந்த மூடியைத் தூக்கிப்போட்டவர்கள் எத்தனை பேரோ. போர்டு போய்ச் சேர்ந்த மறுநாள் ஒரு மெயில், படத்தோடு: சாக்கெட் மூலையில் ஒரு பின் வளைந்திருக்கிறது, வாடிக்கையாளர் சேதம், வாரண்டி கிடையாது. என்னிடம் பெட்டி பிரித்த அன்று எடுத்த படமும் இருந்தது, அனுப்புவதற்கு முன் மூடியைப் போடும்போது எடுத்த படமும் இருந்தது, அதே மூலை, அதே பின், நேராக. இரண்டையும் அனுப்பி, வளைந்தது யார் கையில் என்று மட்டும் கேட்டேன். எட்டு நாள் மௌனம். பிறகு, ‘விதிவிலக்காக’ ஏற்றுக்கொள்கிறோம் என்று ஒரு வரி. மாற்றுப் போர்டு வேண்டாம், பணம் போதும் என்றேன். பணம் வந்தது, அந்த அளவில் குறை சொல்ல மாட்டேன். விதிவிலக்கு என்ற வார்த்தைக்காக ஒரு நட்சத்திரம் குறைத்துக்கொள்கிறேன்.

போர்டுக்கு ஐந்துக்கு ஒன்று. செத்ததற்காக இல்லை, எதுவும் சாகும். ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் செத்ததற்காக.

அடுத்து வாங்கியது சர்வர் வகைப் போர்டு. எம்.2 ஒன்று குறைவு, வண்ண விளக்கு கிடையாது, பார்க்கப் பரம சாது. ஆனால் மூலையில் இரண்டு இலக்க எண் காட்டும் சிவப்புத் திரை இருக்கிறது, பிஎம்சி என்ற தனிச் சிப் இருக்கிறது. பவர் கேபிளைச் செருகிய ஒன்றிரண்டு நிமிடத்தில், மெயின் போர்டு ஆன் ஆகாமலேயே, அது நெட்வொர்க்கில் எழுந்துவிடும். பிரவுசரில் திறந்தால் மின்விசிறி வேகம், வெப்பம், எல்லா வோல்டேஜும் வரிசையாக. நான் மூச்சை அடக்கி ஊசி வைத்து அளந்த பிராசசர் வோல்டேஜ், அங்கே சும்மா ஒரு வரியாக நிற்கிறது. மானிட்டர் இல்லாமலே பயாஸ் திரையையும் பார்க்கலாம். இதற்காக எப்போதும் சில வாட் கூடுதலாகக் குடிக்கும், குடிக்கட்டும்.

இந்த முறை முதலிலேயே அட்டைப் பெட்டி மேல் வைத்து, ஒரே ஒரு ராமோடு ஆன் செய்தேன். ஃபேன் சுற்றியது. மானிட்டர் கறுப்பு. வயிற்றில் அதே கலக்கம். அப்போதுதான் அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்தேன், ஓடி ஓடி வந்து 55-இல் நின்றிருந்தது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் 55-க்கு நேராக ராம் இல்லை என்று போட்டிருக்கிறது. குனிந்து பார்த்தால், இந்த ஸ்லாட்டில் ஒரு பக்கம்தான் கொக்கி, மறுபக்கம் ராம் ஒரு நூல் தூக்கிக்கொண்டு நின்றது. ஆஃப் செய்து கட்டை விரலால் அழுத்தினேன், ‘டக்’. எண் மறுபடி ஓட ஆரம்பித்து 55-ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. மல்டிமீட்டரை அன்றைக்கு உறையிலிருந்தே எடுக்கவில்லை.